யாரு உன்னை உள்ள விட்டது?

நம்பாதவர்கள் என் அம்மாவின் கையைப் பார்த்திருக்க வேண்டும். இது எனக்கே நடந்தது. எழுதும்போது இப்போதும் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

நான் பஸ் ஓட்டுகிறவள். அன்று பகல் டூட்டி முடிந்ததும், மூட்டு ஆபரேஷன் ஆன அம்மாவை நடக்கவைக்க எங்கள் ஊரின் மிகப் பழைய பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். ஒரு காலத்தில் அது பெரிய அதிகாரிகளின் குடும்பங்களுக்கு மட்டுமாம். இப்போது எல்லோரும் வருகிறார்கள். பையன்கள் பந்து ஆடினார்கள். புல்வெளியில் நாலு பெரியவர்கள் சீட்டாட்டத்தில் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மரத்தடிக் கல் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

மாலை ஆறு இருபது. விசில் சத்தம். காதுக்குப் பக்கத்திலேயே.

பந்தாடிய பையன்களில் ஒருவன்கூடத் திரும்பவில்லை...

பின்னால் ஒரு காவலாளி. அந்தப் புழுக்கத்திலும் தடித்த கம்பளிக் கோட்டு. கையில் பிரம்பு.

"எந்திரி. யாரு உன்னை உள்ள விட்டது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மரியாதையா பேசுய்யா! கால் முடியாதவங்க."

"இது உங்களுக்கான இடமில்ல."

"உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவையே பார்த்தபடி காய்ந்த சருகுகள் மேல் நடந்து வந்தான்.

ஒரு சருகுகூட நொறுங்கவில்லை.

பிரம்பு இறங்கியது. அம்மா அலறினாள்.

கோட்டைப் பிடிக்கப் பாய்ந்தேன். கையில் குளிர் மட்டும்...

யாரும் இல்லை.

அம்மாவின் முழங்கைக்குக் கீழே விரல் தடிமனுக்குச் சிவந்த வரி. வீட்டில் மருந்து தடவும்போது அம்மா நடுங்கினாள். பயத்தில் அல்ல. "என்னை எந்திரின்னு சொல்ல அவன் யாருடி?"

மறுநாள் சண்டை போடவே போனேன். "எங்க அந்த வாட்ச்மேன்? கூப்பிடுங்க!"

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் குழாயைக் கீழே போட்டார். "இங்க வாட்ச்மேனே கிடையாதும்மா... கம்பளிக் கோட்டா?"

பிறகுதான் சொன்னார். பூங்கா அதிகாரிகளுக்கு மட்டும் என்றிருந்த அந்தக் காலத்தில், கைக்குழந்தையோடு ஒருத்தி நிழலுக்காக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறாள். காவலாளி அவளை அடித்தே கொன்றிருக்கிறான். ஊரே திரண்டு வாசல்களை மறித்து, கதவை உடைத்து உள்ளே புகுந்தது. அதற்கப்புறம்தான் பூங்கா எல்லோருக்கும் என்றானதாம்.

"அவனை என்ன பண்ணாங்க?"

"கிடைச்சாத்தானேம்மா. புதர் புதரா தேடினாங்க. எல்லா வாசல்லயும் சனம் நின்னுச்சு. உள்ள இருந்தவன் வெளிய போகவே இல்ல."