விளக்கு வைத்ததும் தெரிந்த எலி

என் நாத்தனாருக்கு வெட்கம் உடம்போடு பிறந்தது. பேருந்தில் யாராவது அவள் காலை மிதித்துவிட்டால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். கட்டிக்கொண்டவன் வேலை தேடிப் போகிறேன் என்று போய், போன இடத்திலேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அவன் பட வேண்டிய வெட்கத்தையும் சேர்த்து இவளே பட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்று, "அண்ணி, உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.

"உன் அண்ணன் வீட்டுக்குள்ள வர உனக்கு என்னடி உத்தரவு? நீ என்ன தபால்காரியா?" என்று திட்டித்தான் உள்ளே இழுத்தேன். அன்றிலிருந்து எங்கள் பின்னறை அவளுடையது.

அப்போது ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துத் தரும் பெரிய இடம். ஒவ்வொரு இயந்திரமும் எங்கள் சமையலறை அளவு இருக்கும். ஒருநாள் வெள்ளை விரிப்புகளோடு ஒரு சிவப்புத் துண்டையும் கவனிக்காமல் உள்ளே போட்டுவிட்டாள். கதவைத் திறந்தால் ஆஸ்பத்திரி விரிப்பு அத்தனையும் ரோஸ் நிறம்! நோயாளிகள் எல்லாம் புதுமாப்பிள்ளை மாதிரி அதில் படுத்திருந்தார்களாம். அங்கே வேலையை மேற்பார்வை பார்த்த மேஸ்திரி நல்ல மனுஷர். "நான்தான் சரியாப் பார்க்காம விட்டுட்டேன்" என்று மேலே போய்ச் சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு ரோஸு என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெறும் கேலிதான், விரோதம் எதுவும் கிடையாது. அவளுக்குத்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வேலையை விட்டு நின்றுவிட்டாள். அதற்கப்புறம் தெருவில் சலவைக்கூடத்து ஆள் யாரைக் கண்டாலும் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவாள். மேஸ்திரியைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் குறை அவளுக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

மெழுகு வேலை பிறகு வந்தது. என் மருமகளின் போனில் யாரோ ஒருத்தி செய்து காட்டியதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அரிக்கேன் மெழுகுவத்தி என்று அதற்குப் பெயர். சாதாரண மெழுகுவத்தி தானே எரிந்து கரைந்து போகும். இது அப்படி இல்லை. வெளியே கெட்டி மெழுகில் ஒரு கூண்டு, உள்ளே பானை மாதிரி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் சின்ன மெழுகுவிளக்கு ஒன்றை வைத்தால் கூண்டு கரையாமல் முழுதும் ஒளிரும். கூண்டின் சுவரில் படம் பதித்திருந்தால் படமும் சேர்ந்து ஒளிரும்.

செய்கிற விதத்தைச் சொல்கிறேன். பெரிய பால்மாவு டின் ஒன்று. அதன் உட்சுவரில் படத்தை ஒட்டிவைப்பாள். நடுவில் சின்ன டின் ஒன்று, மிதக்காமல் இருக்கக் கூழாங்கல் போட்டு நிறுத்துவாள். இரண்டு டின்னுக்கும் நடுவே உருக்கிய மெழுகை ஊற்ற வேண்டும். சூடு அதிகமானால் படம் கழன்று மேலே வந்துவிடும். குறைந்தால் மெழுகு வரிவரியாக விழுந்து தேமல் பிடித்த மாதிரி ஆகும். அவள் ஊற்றும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது. என் வீட்டுக்காரர் ஒருமுறை தும்மிவிட்டு அரைநாள் அவளிடம் நல்ல பெயர் வாங்க அலைந்தார். மெழுகு இறுகியதும் உள்டின்னில் வெந்நீர் ஊற்றி உருவி எடுப்பாள். பிறகு வெளிடின்னையும் கழற்றி, கூண்டைக் கவிழ்த்து, சூடான இரும்புத் தட்டில் வாயைத் தேய்த்துச் சமன் செய்வாள். பழைய பனியன் துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளப்பு ஏற்றுவாள். காய்ந்த இலை, பூ, பரிசுப்பொருள் சுற்றும் தாளிலிருந்து வெட்டிய பறவைகள், இவைதான் அவள் பதிக்கும் படங்கள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. செய்ததை ஏற்றிப் பார்க்க மாட்டாள். ஒருமுறை ஏற்றினாலும் உள்ளே புகை பிடித்துவிடும், அதைக் கொடுத்தால் பழசை விற்றாள் என்று பேச்சு வரும், அந்தப் பேச்சைத் தன்னால் தாங்க முடியாது என்பாள்.

மேஸ்திரி இறந்துபோனார். கொஞ்சநாள் கழித்து அவர் மனைவி எங்கள் வீடு தேடி வந்தார். நாத்தனார் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் போனாள். நான் பிடித்து முன்னால் தள்ளினேன்.

"ரோஸு, சலவைக்கூடத்துல எல்லாரும் சேர்ந்து அவருக்காக ஒரு கூட்டம் வெக்கிறாங்க. அவர் படம் போட்டு ஒரு விளக்கு செஞ்சு தருவியாம்மா? நீ செய்யறேன்னு கேள்விப்பட்டேன்" என்றார் அந்த அம்மா. கையில் ஒரு தாளை வைத்திருந்தார். சலவைக்கூடம் வருஷத்துக்கு ஒருமுறை அச்சடிக்கும் மலரிலிருந்து கிழித்த பக்கம். "வீட்ல இருக்கற போட்டோ எல்லாத்துலயும் கண்ணை மூடிட்டிருக்கார். இது ஒண்ணுலதான் கண்ணைத் திறந்து சிரிக்கிறார்."

படத்தில் மேஸ்திரி கைகட்டி நின்று பல் தெரியச் சிரித்தார். நாத்தனார் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். அவர் காப்பாற்றிவிட்டதற்கு இப்போதாவது பதில் செய்ய ஒரு வழி கிடைத்ததே என்று அவளுக்கு. அதுமட்டுமில்லை. அந்தக் கூட்டத்துக்குள் தலை நிமிர்ந்து நுழையவும் ஒரு வழி. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நல்ல புடவையை எடுத்து அப்போதே இஸ்திரி போட்டாள், அதைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

அவள் செய்ததிலேயே அழகான விளக்கு அதுதான். தேமல் இல்லை, குமிழ் இல்லை. மேஸ்திரி பனிக்குள் நிற்கிற மாதிரி இருந்தார். தாளின் பின்பக்கத்தில் எலி மருந்து விளம்பரம் இருந்தது அவளுக்குத் தெரியும். வெட்டும்போது பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கம்தான் உள்ளே மெழுகுக்குள் போய்விடுகிறதே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டாள். இதுவரை அவள் பதித்த தாள்களுக்குப் பின்பக்கம் வெறுமையாகவே இருந்தது. இவள் எதையும் ஏற்றிப் பார்த்தவளும் இல்லை.

சலவைக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் கூட்டம். துணைக்கு நானும் போனேன். மேசைமேல் விளக்கு. மேஸ்திரியின் முகம் ஆட்களைப் பார்த்தபடி இருந்தது. மேசைக்குப் பின்னால் அவர் மனைவி, ஆட்களுக்கு எதிர்முகமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு விளக்கின் முதுகுதான் தெரியும்.

"ரோஸு, நீயா இதைச் செஞ்சே? கை வேலையில பெரிய ஆளாயிட்டியே!" என்று இஸ்திரி போடும் பெண் வந்து கையைப் பிடித்தாள். இன்னொருத்தி, "எங்களையெல்லாம் மறந்துட்டே இல்ல?" என்று செல்லமாக முதுகில் அடித்தாள். என் நாத்தனாரின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கழுத்து ஒரு விரற்கடை நீண்டுவிட்டது.

அறையின் விளக்குகளை அணைத்தார்கள். சலவைக்கூடத்து வண்டி ஓட்டுகிறவர் சின்ன மெழுகுவிளக்கை ஏற்றிக் கூண்டுக்குள் இறக்கினார்.

முதலில் மேஸ்திரி மெல்ல ஒளிர்ந்தார். ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் அவர் நெஞ்சில் ஏதோ கறுப்பாக எழுந்தது. மெழுகை உறிஞ்சிய தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பின்பக்கம் இருந்தது முன்பக்கம் வந்துவிட்டது. கொழுத்த எலி, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது. அதன் வால் மேஸ்திரியின் கழுத்தில் டை கட்டியதுபோல் சுற்றிக்கொண்டது. எழுத்துகளும் தெரிந்தனவாம். எனக்கு எழுத்தும் எறும்பும் ஒன்றுதான். எலி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பின்வரிசையில் ஒருவன் இருமினான். அந்த இருமல் பாதியில் சிரிப்பாக மாறியது. பக்கத்தில் இருந்தவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. சாவுக்கு வந்த இடத்தில் வரும் சிரிப்பை அடக்கப் பார்த்தால் இன்னும் அதிகமாகப் பீறிடும். அறை முழுதும் அது பரவிவிட்டது. "அன்னிக்கு ரோஸு, இன்னிக்கு எலியா?" என்று ஒரு குரல் வந்தது.

நாத்தனார் ஓடிப்போய் விளக்கை ஊதி அணைத்தாள். கூண்டை அப்படியே தூக்கினாள். உள்ளே உருகியிருந்த மெழுகு கையில் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. இருட்டில் ஆட்களை இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நானும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

அதற்கப்புறம் அவள் பின்னறையை விட்டு வரவில்லை. டின்களைச் சாக்கில் கட்டினாள். கூண்டை மட்டும் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். "சாப்பிட வாடி" என்றால், "பசிக்கலை அண்ணி" என்பாள். "எலிதானேடி, புலியா வந்துச்சு?" என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் அந்த இஸ்திரி போடும் பெண்ணைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. "மேஸ்திரி சம்சாரம் வர்றவங்க போறவங்களை எல்லாம் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. என் வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன செஞ்சார், அவர் படத்தைப் பார்த்து ஏன் சிரிச்சீங்கன்னு. யாருக்கும் எலின்னு சொல்ல வாய் வரல. நாங்க பாட்டுக்கு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னா, அவங்க வேற என்னவோ இருக்குன்னு நினைக்கிறாங்க. அவர் மறைச்சது ஏதோ எங்களுக்கெல்லாம் தெரியும்னு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த அம்மா விளக்கின் முதுகுப்பக்கம் உட்கார்ந்திருந்தார் அல்லவா? அவர் பார்த்தது எலியை இல்லை. புருஷன் படத்தைப் பார்த்து ஊரே சிரித்ததை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தாள். வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க போய்ச் சொல்லிடுங்க அண்ணி."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"என்னால முடியாது. அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்?"

"நான் சொன்னா அது வம்பு. நீ சொன்னாத்தான் அது பதில். கிளம்பு."

"அண்ணி, காலைப் பிடிச்சுக்கறேன்."

"பிடிச்சுக்கோ, வலிக்குது, அப்படியே அமுக்கியும் விடு. ஆனா நான் போக மாட்டேன். நீ கிளம்பற வரைக்கும் அடுப்பைப் பத்த வெக்கவும் மாட்டேன். உன் அண்ணன் பசியோட வருவார், நீயே சமாதானம் சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் அறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பிடிவாதம் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும்.

கடைசியில் முகத்தைக் கழுவிக்கொண்டு கூண்டை எடுத்துக்கொண்டாள்.

மேஸ்திரியின் மனைவி எங்களைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். நாத்தனார் உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விளக்கில் ஏதோ கோளாறு என்று சொல்லி நானே முடித்துவிடலாமா என்று எனக்கே நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

"அக்கா" என்றாள். மறுபடி, "அக்கா, அன்னிக்கு அவரைப் பார்த்து யாரும் சிரிக்கல. படத்துக்குப் பின்னால எலி மருந்து விளம்பரம் இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரியாதுன்னு நினைச்சேன். இல்ல, எனக்குத் தெரியும், வெளிய தெரியாதுன்னு நினைச்சேன். ஏத்தினதும் எலி தெரிஞ்சுடுச்சு. அவர் நெஞ்சு மேல. அதைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க. சிரிச்சது என் வேலையைப் பார்த்து" என்றாள்.

"எலியா?" என்றார் அந்த அம்மா.

"ஆமாக்கா."

"அவரைப் பார்த்து இல்லையே?"

"இல்லக்கா. சத்தியமா என்னைப் பார்த்துத்தான்."

அந்த அம்மா மூச்சை ஒருமுறை நீளமாக விட்டார். பிறகு உள்ளே போய் மூக்குக்கண்ணாடியும் தீப்பெட்டியும் எடுத்து வந்தார். "ஏத்து. நானும் பார்க்கணும்."

"வேண்டாங்க" என்றேன் நான்.

"நீங்க சும்மா இருங்க. ஊரெல்லாம் பார்த்துட்டாங்க, நான் பார்க்கக் கூடாதா?"

நாத்தனார் ஏற்றினாள். சன்னல் திரையை அந்த அம்மாவே இழுத்துவிட்டார். மேஸ்திரி ஒளிர்ந்தார். எலியும் வந்தது. அந்த அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றி, குனிந்து, வாலிலிருந்து மீசைவரை பார்த்தார். அவர் உதடு கோணியது. அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அவர் இருந்திருந்தா, இந்த மருந்து எந்தக் கடையில கிடைக்கும்னு முதல்ல அதைத்தான் விசாரிச்சிருப்பார்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை.

"குடுங்கக்கா, உடைச்சுப் படத்தை எடுத்து, பின்னால கறுப்புத் தாள் ஒட்டி மறுபடி ஊத்தித் தரேன். முகம் ஒளிராது, ஆனா எலி தெரியாது" என்றாள்.

"முகம் ஒளிராத விளக்கு எனக்கு எதுக்கு? இது இங்கயே இருக்கட்டும்."

"யாராவது வந்து பார்த்தா..."

"பார்த்தா நான் சொல்லிக்கறேன். கை என்ன, கொப்புளமா? மருந்து போட்டியா?" என்று அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவளுக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. மெதுவாக உருவிக்கொண்டாள்.

திரும்பும்போது அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். "மெதுவாப் போடி, எனக்கு முட்டி இருக்கு" என்றேன். நின்றாள், ஆனால் திரும்பவில்லை.

"அதான் அந்தம்மா ஒண்ணும் சொல்லலையே, மன்னிச்சுட்டாங்களே. இன்னும் எதுக்கு மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே?"

"ரெண்டு திட்டுத் திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும் அண்ணி" என்றாள். "கையைப் பிடிச்சுப் பார்த்தாங்களே, அதைத்தான் தாங்க முடியலை."

அவள் காதுவரைக்கும் சிவந்திருந்தது. நான் பக்கத்தில் வந்து சேரும்வரை அந்த இடத்திலேயே நின்றாள். சலவைக்கூடத்து வண்டி ஒன்று எதிரே வந்தது. எதிர்ச்சாரிக்கு மாறப் போகிறாள் என்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். மாறவில்லை. தலை மட்டும் குனிந்தே இருந்தது.