மாதா கேட்காத நேர்ச்சை

மாதாவின் பிள்ளைகளே, என் மகன் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. 1975, சித்திரை மாதம். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. உதடு நீலம் பாரித்தது. இன்று நினைத்தாலும் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

நான் சங்கு குளிக்கிறவர் மகள். நல்ல கறுப்பு. கடற்கரையில் கருவாடு காயப்போட்டு வளர்ந்தவள். வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடியில் சொந்தமாகத் தோணி வைத்திருந்த வீட்டில். நான் உண்டானதும் மாமி மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வைத்தார்கள். பேரப்பிள்ளை சிவப்பாகப் பிறந்தால் கோயிலுக்கு வெள்ளி விளக்கு, பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகும்வரை மருமகள் மேல் வெயில் படாது. நேர்ந்தது அவர்கள், அடைந்து கிடந்தது நான். மாடி அறை, ஜன்னலையும் சாத்தியாயிற்று. பூசைக்குக்கூட விடியுமுன் முக்காட்டோடு போய்த் திரும்பிவிட வேண்டும்.

ஆறாம் மாதம் இடுப்பும் தொடையும் எலும்புக்குள்ளேயே வலித்தன. சுவரைப் பிடித்துத்தான் எழுந்தேன். வாத்து மாதிரி அசைந்து அசைந்து நடந்தேன்.

"ஏளா, நாங்கல்லாம் பிள்ள பெறலயா? சும்மா இருந்து தின்னா வலிக்கத்தான் செய்யும்" என்றார்கள் மாமி. சும்மா இருக்க வைத்தது யார்?

வலிப்பு வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஆள் போகவில்லை. பிள்ளை சாகுமுன் அவசர ஞானஸ்நானம் கொடுக்க, கோயில் உபதேசியாரைக் கூப்பிடத்தான் ஆள் போனது. என் வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். மாடியில் நானும் பிள்ளையும் மாதா படமும்தான். நான் மண்டியிடவில்லை. அந்தக் காலால் முடியவும் முடியாது. நின்றபடியே சண்டை போட்டேன்.

"தாயே, நீர் வயிற்றுப்பிள்ளையோடு மலைநாட்டுக்குப் போனீர். பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடினீர். உமக்கு யார் ஜன்னலைச் சாத்தினார்கள்? என் காலுக்குப் பலம் தாரும். இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கவிடும்!"

பிள்ளையைத் தூக்கினேன். அந்தப் படிகளில் எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் பலம் இல்லை அது, சத்தியமாக இல்லை.

வாசலில் மாமி மறித்தார்கள். "நேர்ச்சைய முறிக்கியே, குடும்பம் வெளங்குமாளா?"

"பிள்ள செத்துட்டா யாருக்கு மாமி வெளக்கு?" என்றேன். அந்த வீட்டில் நான் எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

உச்சிவெயில். உப்பு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மாட்டுவண்டிக்கார அண்ணாச்சி பிள்ளையைப் பார்த்தார். "ஏறு தாயி" என்று மட்டும் சொல்லி மாட்டை விரட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஊசி போட்டார். வலிப்பு நின்றது. பிள்ளை வீறிட்டு அழுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டு நானும் அழுதேன். அதன்பிறகு அவர் என் நடையைப் பார்த்து விசாரித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இவ்வளவு வெயில் காயுத ஊர்ல ஒன்ன இருட்டுல வச்சிருக்காங்க. வெயில் பட்டாத்தான் ஒடம்புல வைட்டமின் டி ஊறும். அது இல்லாம கால்சியம் சேராது. ஒனக்கே இல்லாதது பிள்ளைக்கு எங்கேருந்தும்மா வரும்?" என்றார். இருவருக்கும் மருந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி, "மாதா காப்பாத்திட்டா, வெளக்கப் போட்டுரணும்" என்றார்கள்.

"காப்பாத்துனா மாமி. ஒங்க நேர்ச்சைகிட்டருந்துதான் காப்பாத்துனா" என்றேன்.

அடுத்த பிள்ளை வயிற்றிலிருந்தபோது, காலைப் பூசை முடிந்து வெயிலிலேயே நடந்து வந்தேன். மகள் என்னைப் போலவே கறுப்பு, கல்லுப்போல இருக்கிறாள். மாதாவுக்குக் கோடி நன்றி.

நீங்களும் அந்தத் தாயை நம்புங்கள். உரிமையோடு சண்டை போட்டுக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரியை இருட்டில் பூட்டிவைத்து அவர் பேரைச் சொல்லாதீர்கள். நிறத்தை அவரிடம் கேட்காதீர்கள். பிள்ளையின் உயிரைக் கேளுங்கள்.