மாங்காய்க் காம்பு அளவில் ஒரு டீசல் குழாய்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் பார்க்காத வேலை குறைவு. தடாவில் ஓட்டல் தட்டு கழுவினேன். நகரியில் விசைத்தறி ஓட்டினேன். யாரும் என்னைத் துரத்தவில்லை, நானாகவே கிளம்பிவிடுவேன். அந்த மாங்காய்ப் பருவத்தில் பங்காருபாளையத்தில் ஒரு பழைய டீசல் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். படுக்கை லாரியில், குளியல் தோட்டத்துத் தொட்டியில். சாப்பாடு கிடைத்த இடத்தில்.

அன்றைய லோடு ஓர் அக்காவுடையது. நகரிப் பக்கத்துக்காரர். பங்காருபாளையத்தில் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார். வண்டி நிறைய கிளிமூக்கு மாங்காய். சித்தூருக்கு வெளியே இருந்த மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் கொண்டுபோய் எடை போட வேண்டும். டிரைவர்களை நம்பாதவர் என்பதால் அக்காவும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஃபேக்டரி வாசலில் தொடங்கிய வரிசை ரோட்டோரமாக நீண்டு கிடந்தது. முந்தின நாளே அதில் போய் நின்றுவிட்டோம். அந்த வரிசைக்கு ஒரே சட்டம்தான்: முன்னால் இருக்கிற வண்டி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். நகராவிட்டால் பின்னால் இருப்பவன் தாண்டிப் போய்விடுவான், கேட்க நாதி கிடையாது. வெயிலில் காய் கனிந்து அடியில் நசுங்க ஆரம்பித்தால் ஃபேக்டரிக்காரர்கள் லோடையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்காவின் வருஷம் முழுவதும் அந்த லாரியின் முதுகில் இருந்தது.

வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்ததும் வண்டி படுத்துக்கொண்டது. கிளம்பும், நாலு இருமல் இருமும், நின்றுவிடும். ஃபில்டர் மேலே இருக்கும் கை பம்பை அடித்தால் மறுபடி கிளம்பும், மறுபடி இருமும்.

"இன்னாடா தம்பி, சீக்காளி மாதிரி இருமுது?"

"டீசல் சரியா வர்லக்கா."

வரிசையில் சும்மா நின்றவர்கள் எல்லோரும் வைத்தியம் பார்க்க வந்தார்கள். ஒருவர் பம்பு போச்சு என்றார். இன்னொருவர் டீசலில் தண்ணீர் என்றார். நான் அடியில் படுத்து டேங்கிலிருந்து ஃபில்டர் வரை தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. "பைப்பு நல்லாத்தான் இருக்குது" என்று தீர்ப்பு சொன்னேன்.

அக்கா குனிந்து என்னைப் பார்த்தார். "கெணத்துல மோட்டார் ஓட்டனவ நானு. உறிஞ்சற பைப்புல ஓட்ட இருந்தா தண்ணி வெளிய ஒழுவாது. காத்துதான் உள்ள போவும். இதுவும் உறிஞ்சறதுதான? ஈரத்த தேடிக்கினு படுத்துனுகீற!"

அக்கா சொன்னது சரிதான். டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாயின் மூக்கில் ரப்பர் குழாய் மாட்டியிருந்த இடம் விரிசல் விட்டிருந்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, யாரோ ஒருவரின் பைக்கில் தொற்றி, சித்தூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கேட்டார்: "இரும்புக் கொழா இன்னா சைஸு?"

"இதான் சைஸு" என்று பழைய ரப்பரை நீட்டினேன். அதை நான் நீட்டிய தோரணையில் அவருக்கு மேலே கேட்கத் தோன்றவில்லை. அதற்குப் பொருந்துகிற மாதிரி டீசல் ஓஸ் வெட்டிக் கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய ஸ்க்ரூ கிளிப்பாகப் பார்த்து இரண்டு வாங்கினேன்.

திரும்பி வந்து மாட்டினால், அப்பன் சட்டையைப் பிள்ளைக்குப் போட்ட மாதிரி தொளதொளவென்று ஆடியது. பழைய ரப்பர் வருஷக்கணக்கில் டீசலில் ஊறி, வாய் உப்பிப் போயிருந்திருக்கிறது. நான் வாங்கி வந்தது உப்பின வாய்க்கு அளவு. இறுக்கினால் சரியாகிவிடும் என்று கிளிப்பைத் திருகினேன். ரப்பர் மடிந்து சுருங்கியதே தவிர இரும்பைக் கவ்வவில்லை. மடிப்பு வழியாகக் காற்று முன்னைவிடச் சந்தோஷமாக உள்ளே போனது.

பின்னால் இருந்த டிராக்டர்காரர் தலையை நீட்டினார். "ஏமன்னா, பண்டி கதுலுதுந்தா லேதா?"

வண்டி நகருமா நகராதா என்று தெலுங்கில் கேட்கிறார். நான் கிளிப்பை இன்னும் ஒரு திருகு திருகினேன். நகரும் தம்பி என்று அக்கா அவர் பாஷையிலேயே சொன்னார்: "கதுலுதுந்தி தம்முடு, கதுலுதுந்தி. உன் டிராக்டர் எங்கியும் ஓடிப் போவாது, உக்காரு."

பிறகு அக்கா வண்டிக்கு அடியில் எட்டி, அந்த இரும்பு மூக்கை முந்தானையால் துடைத்தார். மேலே ஏறி லோடைக் கிளறினார். ஒரு காயை எடுத்துக் காம்பைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், வைத்துவிடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட யாரும் அவ்வளவு பேரைக் கழித்திருக்க மாட்டார்கள். கடைசியில் நீளக் காம்பு ஒன்றைக் கிள்ளி, இறங்கி வந்து, இரும்பு மூக்கோடு சேர்த்து வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே தடிமன்.

"இத்த எடுத்துக்கினு போ. இது கஷ்டப்பட்டு உள்ள போற பைப்பா வாங்கு. சுலுவா போச்சின்னா வாணாம்."

சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். வழியெல்லாம் காம்பின் பால் கசிந்து நெஞ்சுத் தோல் எரிந்தது. கடையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கவுண்டரில் காம்பை வைத்தேன்.

கடைக்காரர் அதையும் என்னையும் பார்த்தார். "இன்னா நைனா, ஊறுகா கட அடுத்த தெருவுல."

"சைஸுண்ணா. இது டைட்டா போற ஓஸு வேணும்."

சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. ஆனால் தொழில் தெரிந்தவர், மறுக்கவில்லை. முதல் ஓஸில் காம்பு வழுக்கிக்கொண்டு போனது, வேண்டாம் என்றேன். அடுத்ததில் நுழையவே இல்லை. மூன்றாவதில் திருகித் திருகி நுழைந்தது, சந்தோஷப்பட்டு இன்னும் ஒரு அழுத்து அழுத்தினேன். உள்ளேயே முறிந்துகொண்டது. கம்பியால் குத்தியும் வரவில்லை.

"அந்தத் துண்ட வெட்டி நீயே எடுத்துக்கோ. என் கடைல மாங்கா ஓஸு யார் வாங்குவாங்க?" என்றார். அதே ரகத்தில் நல்ல ஓஸாக வேறு வெட்டிக் கொடுத்தார். நான் கையோடு கொண்டு போயிருந்த பெரிய கிளிப்புகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஓஸின் மேல் சுற்றளவுக்குச் சரியாக உட்காரும் சின்ன கிளிப் இரண்டு கொடுத்தார்.

திரும்பி வந்தால் வண்டி விட்ட இடத்தில் இல்லை. வரிசையோரமாக ஓடினேன். பார்த்தால் வாசலுக்குப் பக்கத்தில், எடை மேடைக்கு ஏறுகிற சரிவின் அடியில் நிற்கிறது. வரிசை நகர்ந்தபோது அக்கா டிராக்டர்காரரையும் இன்னும் சிலரையும் தள்ள வைத்திருக்கிறார். "தள்ளலன்னா உன் டயர் முன்னாடியே உக்காந்து சோறு துன்னுவேன்" என்றாராம். சரிவில் அது நடக்காது. முழு லோடு, என்ஜின் ஏற்றினால்தான் உண்டு.

"சீக்கிரம்டா! அடுத்தது நம்பளுது!"

ஓஸின் வாயில் டீசல் தடவி அழுத்தினேன். முனகிக்கொண்டே ஏறி, இரும்பு மூக்கைக் கவ்வியது. சின்ன கிளிப் அதன் இடத்தில் சட்டமாக உட்கார்ந்தது. கை பம்பு கெட்டியாகும் வரை அடித்தேன். சாவியைத் திருப்பினேன். ஒரு இருமல், கொஞ்சம் புகை, அப்புறம் என்ஜின் சீராக உறும ஆரம்பித்தது. ஒரே மூச்சில் சரிவு ஏறி மேடையில் நின்றோம்.

காய் பார்க்கிற ஆள் வந்தார். மேலே இருந்து ஒன்றை எடுத்து அழுத்தினார், மோந்தார். முகம் மாறியது. "இன்னாம்மா, டீசல் நாத்தம்?"

அக்காவின் முந்தானையைப் பார்த்தேன். இரும்பு மூக்கைத் துடைத்த கறுப்பு. அதே கையால்தான் காம்பு தேடியிருக்கிறார். அந்த ஆள் கையை நீட்டி வண்டியை வெளியே ஓட்டச் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா முந்திக்கொண்டார்.

"டீசல் வண்டில வந்தா டீசல் வாசனதான் வரும், மல்லியப்பூ வாசனயா வரும்? கீழ கைய விட்டு எடுத்துப் பாரு நைனா. நாறுச்சின்னா லோட நீயே தெருவுல கொட்டு."

தோள் வரை கையை விட்டு ஒன்று எடுத்தார். மோந்தார். இன்னொன்றும் எடுத்தார். பிறகு மேலாகக் கிடந்தவற்றைக் கழித்துப் போடச் சொல்லிவிட்டு எடை போட்டார். 

கழித்த காய்களை அக்கா முந்தானையில் வாரிக்கொண்டார். வெளியே வரும்போது டிராக்டர்காரர் எதிரே ஏறிக்கொண்டிருந்தார். அவர் டிராக்டரில் மலைபோல மாங்காய். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, முந்தானையில் இருந்த அத்தனையையும் அவர் மடியில் கொட்டினார்.

"தள்னதுக்கு தம்முடு. வெச்சிக்கோ."

மடியையும் பின்னால் இருந்த மலையையும் மாறி மாறிப் பார்த்த அவர், ஒரு காயை எடுத்து மோந்தார். "போலாம்டா" என்றார் அக்கா.