வெஜிட்டேரியன் காப்பி

என் மனைவி ஐம்பத்திரண்டாவது வயதில் சைக்கிள் பழகினாள். சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நடப்பது அலுப்பாக இருக்கிறது என்று மகளின் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டாள். மட்டாஞ்சேரி பஜாருக்குள் அரிசி லாரிகள் நுழைவதற்கு முன்னால், விடியற்காலையில்தான் பயிற்சி. மூன்று தடவை விழுந்தாள். நாலாம் மாதம் தோப்பும்படி வரை போய்த் திரும்பினாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் விளக்கேற்றிவிட்டு வந்து, "அம்பலப்புழை கிருஷ்ணனை சைக்கிள்லயே போய்க் கும்பிடறதா நேர்ந்திருக்கேன்" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? உங்களுக்கும் சேத்துத்தான் நேர்ந்திருக்கேன்."

சாமியிடம் சொன்ன பிறகு பேச்சு ஏது? நான் அரிசிக் கடையில் மூட்டை எடை போடுகிறவன். இரண்டு நாள் லீவு கேட்டேன். முதலாளி சிரித்துக்கொண்டே கொடுத்தார். முதல் நாள் ஆலப்புழை வரை போய், அங்கே அவளுடைய சித்தி மகள் வீட்டில் தங்கல். மறுநாள் காலையில் அம்பலப்புழை. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து உல்லாசமாக இரண்டு நாள் வெளியூர் போனதில்லை. நேர்ச்சைதான் என்றாலும் உள்ளுக்குள் எனக்கும் குஷிதான்.

எறணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகளுக்கு மட்டும் குஷி இல்லை. ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"அம்மா மாத்திரை போட்டு ரெண்டு மணிக்கூர்ல வயித்துக்கு ஏதாவது போகணும். சைக்கிள் சவிட்டினா இன்னும் சீக்கிரம் பசிக்கும். கை நடுங்கினா இந்தப் பாக்கெட்டைத் திறந்துடணும். திறந்தா யாத்திரை அங்கேயே முடிஞ்சுது. நான் கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போவேன். சைக்கிளையும் வித்துருவேன்."

"வித்துருவியா!" என்றாள் இவள்.

"ஆமா. போன வருஷம் நீ பாத்ரூம்ல மயங்கி விழுந்தது எனக்கு மறக்கல."

இவள் பாக்கெட்டை எடுத்துப் பைக்குள் போட்டாள். எனக்கும் மறக்கவில்லை. ஆகவே எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது என்று போடும் திட்டம் முழுவதும் என் தலையில் வந்தது.

கிழித்த காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பள்ளுருத்தி, கண்ணமாலி, செல்லானம், பிறகு கடலோரமாகவே தெற்கே. சங்கடம் என்னவென்றால், அந்த வழி நெடுக மீன். சாயாக்கடைக்குள் நுழையுமுன்னே மீன் வறுக்கும் வாசனை வந்து கூப்பிடும். தரிசனம் ஆகும்வரை மீன் தொட்ட பாத்திரத்தில் சாப்பிடுவதில்லை என்பதையும் சேர்த்தே நேர்ந்திருந்தாள் இவள்.

விசாரித்ததில் செல்லானம் தாண்டி ஒரு சின்ன சைவ இட்லிக்கடை இருப்பது தெரிந்தது. ஏழரை மணி, இட்லி என்று எழுதினேன். அடுத்தது என்னுடைய பாடு. பத்து மணிக்குக் காப்பி உள்ளே போகாவிட்டால் எனக்குத் தலை இடிக்கும். கடையில் என்ன சாயா கொடுத்தாலும் அது தீராது. எங்களுக்கு லோடு கொண்டுவரும் டிரைவர், அர்த்துங்கல் பக்கம் வீட்டு முற்றத்திலேயே கடை நடத்தும் ஒரு சேச்சியின் நம்பரைக் கொடுத்தார். கூப்பிட்டேன்.

"சேச்சீ, நாளை பத்து மணிக்கு ரெண்டு பேருக்குக் காப்பி கிட்டுமோ?"

"காப்பி உண்டல்லோ. வெஜிட்டேரியன் ஆணோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காப்பியில் என்ன சைவம், அசைவம்? இருந்தாலும் கேட்ட மரியாதைக்கு, நாங்கள் அம்பலத்துக்குப் போகிறவர்கள், மீன் தொட்ட பாத்திரம் ஆகாது என்று சொன்னேன். "அது ஞான் நோக்கிக்கோளாம்" என்று, அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார். காலண்டர்த் தாளில் பத்து மணி, காப்பி என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். மனைவி மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். பள்ளுருத்தியில் பால் வண்டிக்காரர் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, "ரெண்டாளும் ஒளிச்சோடுகயாணோ?" என்று கேட்டார். வீட்டை விட்டு ஓடிப்போகிறோமாம். "இந்த வயசுல இவரைக் கூட்டிட்டு எங்க ஓடறது?" என்று தமிழிலேயே பதில் கொடுத்துவிட்டு மிதித்தாள். கண்ணமாலியில் கடல் தெரிந்ததும் ராம நாமத்தைச் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஏழே முக்காலுக்கு இட்லிக்கடைக்கு வந்து சேர்ந்தோம். கதவில் பூட்டு. பக்கத்து வீட்டில் விசாரித்தால், கடைக்காரர் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம், எல்லாரும் நேற்றே போய்விட்டார்களாம். நல்ல சமாசாரம்தான். என்ன செய்ய, கடையில் இட்லி இல்லை. பையில் நாலு பூவன் பழம் இருந்தது. மூன்றை அவள் சாப்பிட்டாள். ஒன்றை நான் சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டு, அதையும் அவள் பையில் போட்டேன்.

அங்கிருந்து அர்த்துங்கல் வரை எத்தனை பெட்டிக்கடை பார்த்தோம் என்று கணக்கில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னும் மீன் வறுவலும் ஒரே தட்டில் இருந்தன. இன்னொரு கடை இன்னும் திறக்கவில்லை. அந்தகாரநழி தாண்டி, கடைசிப் பழத்தையும் அவள் தின்று முடித்தாள். கொஞ்ச தூரத்தில் சைக்கிள் நெளிய ஆரம்பித்தது.

"நிறுத்து" என்றேன். நிறுத்தினாள். ஹாண்டில் பிடித்த விரல்கள் நடுங்கின. நெற்றியில் வேர்வை. நான் பைக்குள் கைவிட்டு குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்தேன்.

"எவ்வளவு தூரம் இருக்கு?"

"ஒரு கிலோமீட்டர். ஆனா அங்க காப்பிதான். சாப்பாடு கெடையாது."

"பால் இருக்கும்ல? சக்கரை இருக்கும்ல? நீங்க பாக்கெட்டைக் கையில வச்சிட்டே வாங்க. நான் சைக்கிளைத் தள்ளிட்டு நடக்கேன். விழுந்தா திறங்க."

திறக்காமல் விட்டது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்தபின் திறக்கக் கை வரவில்லை. குருவாயூரப்பா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஒரு கையால் என் சைக்கிளைத் தள்ளி, பாக்கெட் இருந்த மறு கையால் அவள் முழங்கையைப் பிடித்தபடியே நடந்தேன்.

சேச்சி வாசலிலேயே நின்றார். எங்களுடைய கோலத்தைப் பார்த்ததும் ஓடி வந்தார். இவளைக் கைபிடித்து பெஞ்சில் உட்காரவைத்தார். மேசையில் இலை போட்டிருந்தது. ஆவி பறக்கும் புட்டு, கடலைக்கறி, பப்படம், அவித்த நேந்திரம்பழம்.

"சேச்சீ, இது யாருக்கு? நான் சொன்னது காப்பியல்லே?"

"இதல்லே காப்பி?" என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மட்டாஞ்சேரியில் காலையில் "சாயா குடிச்சோ" என்று கேட்டால், பலகாரம் ஆயிற்றா என்றுதான் அர்த்தம். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு. தெற்கே கொஞ்ச தூரம் வந்ததும் அதே பலகாரத்துக்குக் காப்பி என்று பெயர் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. மலையாளம் தெரியும் என்ற தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

இவள் அதற்குள் பாதிப் புட்டைக் காலி செய்திருந்தாள். கடலைக்கறி வைத்திருந்த மண்சட்டியை சேச்சி எங்களுக்குக் காட்டினார். புதுச்சட்டி, நேற்று எங்களுக்காகவே வாங்கிப் பழக்கியதாம். அவர் வீட்டுச் சுவரில் அர்த்துங்கல் சர்ச்சுப் புனிதரான புண்ணியாளனின் படத்துக்கு முன் சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. என் மனைவி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து அந்தப் படத்தைக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

"குடிக்க ஒரு காப்பி?" என்று மெல்லக் கேட்டேன்.

"அய்யோ, காப்பிப்பொடி தீர்ந்நு. சாயா போரே சேட்டா?"

மனைவி சிரித்த சிரிப்பில் பெஞ்சே ஆடியது. விரல் நடுக்கம் நின்றிருந்தது. மகளிடமிருந்து போன் வந்தது. "திறக்கல" என்று மட்டும் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டாள். நடந்தது அத்தனையும் ஒளிக்காமல் நான்தான் சொன்னேன். மகள் கொஞ்ச நேரம் என்னைத் திட்டினாள். பிறகு, "ஒரு மணிக்கூர் அங்கேயே உக்காருங்க, அப்புறம் போங்க" என்றாள். அது சம்மதம்தானே.

ஆலப்புழை போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை வெயில் ஏறுமுன்பே அம்பலப்புழையை அடைந்தோம். கடைசி மைல் என்னை முந்திக்கொண்டு போனாள். சன்னிதியில் கண்ணை மூடாமல், சாமியை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றாள். புடவைத் தலைப்பில் சைக்கிள் செயினின் கறுப்பு ஒட்டியிருந்தது. உதடுகள் அசைந்தன.

வெளியே வந்து, "என்ன வேண்டினே?" என்று கேட்டேன்.

"வேண்ட ஒண்ணும் இல்ல. நானே சவிட்டி வந்தேன்னு சொன்னேன்."

நான் வேண்டிக்கொள்ள நினைத்திருந்த நாலைந்து காரியங்கள் அப்போதுதான் ஞாபகம் வந்தன. உள்ளே நின்ற நேரம் முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.