நாற்பத்து மூன்று பல்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் பல் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் வாயைத் திறந்து பார்க்கிற டாக்டர் இல்லை, காரின் பின் ஆக்சிலைத் திறந்து பார்க்கிற டாக்டர். தன் வாயைத் திறந்தாரென்றால் எதிரில் நிற்பவனுக்குத்தான் வலிக்கும். அதனால் அந்தப் பெயரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தொழில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இன்ஜின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடைசியில் சக்கரத்தைத் திருப்புவது பின் ஆக்சிலுக்குள் இருக்கிற இரண்டு பல்சக்கரங்கள்தான். சின்னது பினியன், அதற்குப் பத்துப் பல். பெரியது கிரவுன். கிரவுனில் பல் கூடினால் வண்டி நின்ற இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஆனால் இன்ஜின் சீக்கிரமே கத்தத் தொடங்கும், அடுத்த கியருக்கும் சீக்கிரமே மாற வேண்டியிருக்கும். பல் குறைந்தால் கிளம்பும்போது சோம்பல், நீண்ட சாலையில் நிம்மதி. எந்த வண்டிக்கு எத்தனை பல் என்று முடிவு செய்வதுதான் அவர் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் கணக்குத் தப்பியதில்லை. ஆளைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்வேன், அதில் மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பார். டயர் என்ன அளவு, தினமும் எந்தச் சாலை, யாரை முந்த ஆசை. மூன்றாவதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் சிவந்துவிடும். ஒரு தடவை ஒரு பேங்க் அதிகாரி மனைவியோடு வந்து நின்றார்.

"சிக்னல்ல பச்சை விழுந்தா நான்தான் முதல் ஆளா பறக்கணும்."

"ஆபீஸ் எவ்வளவு தூரம்?"

"நாப்பது கிலோமீட்டர். ஹைவேதான்."

"ரெண்டு சிக்னலுக்காக நாப்பது கிலோமீட்டர் காது கிழியப் போறீங்க. பேசாம ஒரு விசில் வாங்கி ஊதிக்கிட்டே போங்க சார், செலவு மிச்சம்."

அந்த மனைவியே சிரித்துவிட்டாள். அதிகாரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்திருக்கும். ஆனாலும் இவர் சொன்ன பல்லைத்தான் போட்டுக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊர் என் வீட்டுக்காரரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதற்குக் காரணம் இதுதான்.

பட்டறையில் நாங்கள் மூன்று பேர். அவர், பாகங்கள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் நான், என் தம்பி. தம்பிக்கு முப்பத்து நாலு வயது. இன்ஜின் வேலை முழுக்க அவன் கைதான். கியர்பாக்ஸைத் தனி ஆளாக நெஞ்சில் ஏந்திக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து மாட்டுவான். அத்தனை செய்தும் என் வீட்டுக்காரர் அவனைக் கூப்பிடுவது "தண்டம்" என்று. வாடிக்கையாளர் முன்னாலும் அப்படித்தான். ஸ்பேனரைத் தவறவிட்டால் ஒரு அர்ச்சனை, தவறவிடாவிட்டால் ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு அர்ச்சனை. அவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேச மாட்டான். அத்தான் கோபக்காரர், ஆனால் கைகாரர் என்று என்னிடமே வக்காலத்து வாங்குவான்.

அவன் ஒரு பழைய காரை வாங்கி ஆறு வருஷமாகத் தேற்றிக்கொண்டிருந்தான். தினமும் பட்டறைக்கு வருவதும் அதில்தான். பெரிய நகரத்தில் பந்தயக் கார் தயாரிக்கிற ஒரு பட்டறைக்கு இன்ஜின் ஆள் ஒருவர் தேவைப்பட்டது. அவர்கள் சான்றிதழ் கேட்கவில்லை. நீயே தயார் செய்த காரை எடுத்து வா, பழைய விமான ஓடுதளத்தில் நானூறு மீட்டரைப் பதினைந்து வினாடிக்குள் ஓட்டிக் காட்டு, ஒருவருக்கு ஒரே ஓட்டம் என்றார்கள். தம்பி மூன்றாம் நாள்தான் எங்களிடம் சொன்னான். வேலை கிடைத்தால் போய்விடுவான்.

என் வீட்டுக்காரர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "ஆக்சிலை நான் பாத்துக்கறேன் மாப்ளே. நீ இன்ஜினை மட்டும் பாரு" என்றார். தம்பி பட்டறைக்கு வந்த ஒன்பது வருஷத்தில் அவர் வாயில் மாப்ளே வந்தது அன்றைக்குத்தான். தம்பியின் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த மாப்ளேயில் நம்பிக்கை வரவில்லை.

அவனிடமும் டயர் அளவைக் கேட்டார். மூன்றாவது கியரில் எவ்வளவு இழுக்கிறது என்று கேட்டார். தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டு, கடைசியில் நாற்பத்து மூன்று என்று எழுதி வட்டம் போட்டார்.

"நாப்பத்தி ஒண்ணு வராதா?" என்று கேட்டேன். இருபது வருஷம் அந்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

"நீ எப்பலேருந்துடி டாக்டர் ஆன?" என்றார். தம்பியும் அவரோடு சேர்ந்து சிரித்தான்.

அவர்கள் சாப்பிடப் போனதும் ஒரு அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் நானே போட்டுப் பார்த்தேன். அந்த இன்ஜின் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்கு மேல் தாங்காது. நாற்பத்தொரு பல் போட்டால் மூன்றாவது கியரிலேயே மணிக்கு நூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர் வரை போகலாம், முடிவுக் கோட்டைத் தாண்டும்போது வண்டி அந்த வேகத்தில்தான் இருக்கும். நாற்பத்து மூன்று போட்டால் நூற்று நாற்பத்தொன்றிலேயே மூச்சு முட்டிவிடும். கோட்டுக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது நாலாவது கியருக்கு மாறியாக வேண்டும். அந்த ஒரு மாற்றத்தில் வினாடியில் பத்தில் இரண்டு மூன்று பங்கு போய்விடும். இரண்டே இரண்டு பல், அவ்வளவுதான் வித்தியாசம். தம்பி முன்னாலேயே சோதித்துக் கண்டுபிடிக்க எங்கள் பக்கத்தில் நானூறு மீட்டர் நேர்சாலையும் கிடையாது.

அவர் திரும்பி வந்ததும் அட்டையைக் காட்டினேன். "வேணும்னேதான் பண்றீங்களா?"

அவர் மறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகப் பேசினார். "அவன் போயிட்டா கியர்பாக்ஸை நீ தூக்குவியா?"

"அதுக்கு வேற ஆள் போட்டுக்கலாம்."

"வேற ஆள் ஒரு வாரம் நிப்பானா என்கிட்ட? நிக்க மாட்டான். அப்புறம் நீயும் நானும்தான். காலைலேருந்து ராத்திரி வரைக்கும். யோசிச்சுப் பாத்துக்க."

யோசித்தேன். தம்பி வருவதற்கு முன்னால் நானும் அவரும் மட்டும் இருந்த வருஷங்கள் ஞாபகத்துக்கு வந்தன. நட்டு மாறி எடுத்துக் கொடுத்தாலும், எடுத்துக் கொடுக்காவிட்டாலும், வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தாலும், சிரிக்காவிட்டாலும் எனக்குத்தான் திட்டு விழும். தம்பி வந்த அன்றைக்கே அதெல்லாம் அவன் பக்கம் திரும்பிவிட்டது. ஒன்பது வருஷமாக நான் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை. மறுநாள் காலையில் நாற்பத்து மூன்று என்று எழுதியிருந்த பெட்டியை நானே அலமாரியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை மாட்டிய அழகைச் சொல்ல வேண்டும். பல்லில் மஞ்சள் சாயம் தடவிச் சுற்றிப் பார்ப்பார், எங்கே பதிகிறது என்று கவனிப்பார், காகிதக் கனத்துக்கு ஒரு தகடு வைப்பார், மறுபடியும் பிரிப்பார். மூன்று தடவை பிரித்தார். கழுத்தை அறுக்கிற வேலையை இவ்வளவு சிரத்தையாகச் செய்து நான் பார்த்ததில்லை. தம்பி பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "அத்தானுக்கு எவ்வளவு பொறுமை பாருக்கா" என்றான். நான் பாகங்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஓட்டம் ஒரு ஞாயிறு காலை. ஓடுதளத்தின் முடிவில், கோட்டுக்குப் பக்கத்தில் நானும் அவரும் நின்றோம். கிளம்புவதற்கு முன்னால் அவர் தம்பியின் தோளில் கை போட்டு, "ஏழாயிரத்தைத் தாண்டாதே, இன்ஜின் வெளிய வந்துரும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கொடி விழுந்தது. வண்டி எல்லோரையும்விட நன்றாகக் கிளம்பியது, பல் கூடினால் அப்படித்தான். பாதித் தூரத்தில் பக்கத்தில் நின்றவர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. எங்களுக்கு முப்பது மீட்டர் முன்னால் வரும்போதே கியர் மாற்றியதில் அது அறுந்து மறுபடி தொடங்கியது. பலகையில் பதினைந்து புள்ளி ஒன்று என்று போட்டார்கள்.

தேர்வு செய்ய வந்தவர் நல்ல மனிதர். "இன்ஜின் அருமையா பண்ணிருக்கீங்க. கடைசியில கை பதறிடுச்சு போல" என்றார். அடுத்து வந்தவன் பதினைந்துக்கு ஒரு மயிரிழை குறைவாக ஓட்டினான், வேலை அவனுக்குப் போனது.

திரும்பி வரும்போது தம்பிதான் வண்டி ஓட்டினான். "அத்தான் கணக்கு சரிதான்க்கா. நான்தான் சொதப்பிட்டேன். மூணுலயே இழுத்திருக்கணும், ஏழாயிரம்னு பயந்துட்டேன். மாத்தினதையாவது டக்குனு மாத்தியிருக்கணும்."

"விடுடா. எல்லாருக்கும் எல்லாம் வராது" என்றார் என் வீட்டுக்காரர். மாப்ளே போய்விட்டிருந்தது.

பின் சீட்டில் நான் இருந்தேன். வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரே ஒரு வாக்கியம் போதும், அவன் தன்னை நொந்துகொள்வது நின்றிருக்கும். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. சாப்பாட்டு இடைவேளையில் தம்பி இப்போது அந்தக் காரில் போய் உட்கார்கிறான். இன்ஜினை அணைத்துவிட்டு கிளட்ச்சை மிதித்து மூன்றிலிருந்து நாலுக்கு மாற்றுகிறான். மறுபடி மூன்றுக்கு வந்து மறுபடி நாலு. உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கிறது.

"அக்கா, மாத்த எத்தனை வினாடி ஆகுதுன்னு பாத்துச் சொல்றியா?" என்று போனை என்னிடம் நீட்டுகிறான்.

பார்த்துச் சொல்கிறேன். நேற்று அவன் முன்பைவிட வேகமாக மாற்றினான். சொன்னதும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். "இதே மாதிரி அன்னைக்கு மாத்தியிருந்தா கிடைச்சிருக்கும்ல?" என்று கேட்டான்.

"கிடைச்சிருக்கும்" என்றேன்.

அதற்குள் உள்ளேயிருந்து "டேய் தண்டம், எங்கடா தொலைஞ்ச?" என்று சத்தம் வந்தது. அவன் போனைக்கூட வாங்காமல் ஓடினான். ரொம்ப நேரம் திட்டு விழுந்துகொண்டே இருந்தது. நான் கை கழுவிவிட்டு, சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டேன்.