எபியேரேயின் துப்பாக்கி

பெரேகெமே முடிவெட்டுகிறவன். துப்பாக்கியைத் தொட்டவன்கூட இல்லை. ஆயுதத்தை ஒப்படைத்தால் பொது மன்னிப்பு, கூடவே தொழிற்பயிற்சி என்று அரசாங்கம் அறிவித்தபோது, பெரியப்பா மகள் எபியேரேக்குத் துணையாகத்தான் மாநிலத் தலைநகர் யெனகோவாவுக்குப் படகேறினான். எண்ணெய்க் குழாய்களைத் தகர்த்த கூட்டத்தோடு மூன்று வருடம் சதுப்புக் காட்டில் இருந்தவள் அவள். ராணுவம் துரத்தும்போதெல்லாம் விசைப்படகை ஓட்டியவளும் அவள்தான்.

அவள் துப்பாக்கியை மேசையில் வைத்தாள். எதிரே இருந்த அதிகாரி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சமைச்சுப் போட்ட பொம்பளைங்களுக்கெல்லாம் லிஸ்ட்ல இடமில்லம்மா. இது யாரு துப்பாக்கி?"

"என்னுதுதான்," என்றாள் எபியேரே.

அதிகாரி சிரித்துவிட்டு பெரேகெமேயைப் பார்த்தார். "உன்னுதாடா?"

அவள் பக்கம் திரும்பாமலே, "ஆமா சார்," என்றான் அவன். எத்தனை வருடம் காட்டில் என்று கேட்டதற்கு மூன்று என்றான். பட்டியலில் அவன் பெயர் ஏறியது.

திரும்பும் வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "படகு ஓட்டிக் காட்டுன்னு சொல்லியிருந்தா என்னடா பண்ணியிருப்ப?"



பெரேகெமே பயிற்சி முடித்து வெல்டராக ஊர் திரும்பி, படகுத்துறை அருகே பட்டறை போட்டான். ஊரார் அவனைப் போராளி என்றார்கள். அவன் மறுக்கவில்லை. ஒருநாள் எபியேரே மீன் சுடும் கம்பித்தட்டு உடைந்துவிட்டதென்று எடுத்துவந்தாள்.

"பத்தவெச்சுக் குடு தம்பி. பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. வேலை முடிந்தும் வெல்டிங் முகமூடியைக் கழற்றாமல், அவள் படகு ஆற்று வளைவைத் தாண்டும்வரை நின்றான்.