தில்ஷாத் முக்காடு போட்ட வெள்ளிக்கிழமை

தொலைக்காட்சி நாடகங்களில் தில்ஷாத்துக்குப் பல வருடம் புருஷனாக நடித்தவன் நான். ஜெனரலின் ஆட்சி வந்த பிறகு அவள் விரல் நுனியைக்கூடத் தொட்டதில்லை. தொடக் கூடாதென்று உத்தரவு. காய்ச்சலில் கிடக்கும் மனைவிக்கு மருந்து கொடுக்க வேண்டுமென்றால், முக்காலியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். அவளே எழுந்து வந்து எடுத்துக் குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாள்.

“தொட்டே பாக்காம காய்ச்சல்னு சொல்றியே கராமத் பாய், நீ புருஷனா, தர்காவுல தண்ணி மந்திரிக்கிற பீரா?” என்று கேமரா ஓடும்போதே கேட்பாள். விளக்குப் பிடிப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பெரிய நட்சத்திரம் ஒன்றும் இல்லை அவள். லாகூரில் கவால்மண்டிப் பால்கடைக்காரர் மகள். அம்மா, அண்ணி, பக்கத்து வீட்டுக்காரி என்று வேஷங்கள். பெற்றவர்கள் போன பிறகு தம்பி முனவ்வரைத் தூக்கி வளர்த்தது அவள்தான். சின்ன வயதில் காசநோய் வந்து பாதி நுரையீரலோடு தப்பியவன் அவன். அவனுக்காகக் கல்யாணமே வேண்டாமென்றவள். வாய் மட்டும் சும்மா இருக்காது. நினைத்ததைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு டீ இறங்கும்.

அடுத்த உத்தரவு தலைக்கு வந்தது. திரையில் வரும் பெண் முக்காடு போட்டிருக்க வேண்டும். தூக்கத்திலும்தான். சிரித்துக்கொண்டோம், சிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டோம். நாங்கள் அவ்வளவுதான்.

மகனின் பிணம் வீட்டுக்கு வரும் காட்சி. தில்ஷாத் தாய். ஓடி வந்து மாரடித்து அழுதாள், துப்பட்டா தரையில் விழுந்தது. தயாரிப்பாளர் இக்ராம் சாப் கட் சொன்னார். கெட்டவர் இல்லை, பயந்தவர். மற்றவர்களைப் போல அவரும் அவளை ‘பாஜி’, அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“பாஜி, முக்காடு விழுந்துடுச்சு. இன்னொரு தடவை எடுத்துருவோம்.”

“விழட்டுமே. புள்ளை செத்துக் கெடக்கான்.”

“புரியுது பாஜி. ஒரு கையால பிடிச்சுக்கிட்டே ஓடி வாங்களேன்.”

“பெத்தவ முக்காட்டைச் சரி பண்ணிட்டா மாரடிப்பா? நம்ம ஊர் எழவு வீட்ல நான் அப்படிப் பாத்ததில்லை. ஜெனரல் வீட்டு வழக்கம் எப்படியோ, எனக்குத் தெரியாது!”

அந்தக் கடைசி வாக்கியம் சாயங்காலத்துக்குள் லாகூர் டீக்கடைகளையெல்லாம் சுற்றி வந்துவிட்டது. மறுநாள் வாசல் காவலாளி அவளை உள்ளே விடவில்லை. அவள் கவலைப்படவில்லை. துப்பட்டாக்களை எல்லாம் வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டு வெறுந்தலையோடு கடைவீதிக்குப் போய் வந்தாள். கூட்டம் கூடிய இடத்திலெல்லாம் பேசினாள்.

பிறகு முனவ்வரைப் பிடித்துப் போனார்கள். அவனும் சிநேகிதன் ஆசிமும் கல்லூரிச் சுவரில் ஜெனரலுக்கு எதிராகச் சுவரொட்டி ஒட்டினார்களாம். ராணுவக் கோர்ட் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மைதானத்தில், ஜனங்கள் முன்னால் இருவருக்கும் கசையடி. “இந்த நெஞ்சு தாங்காதும்மா” என்று முனவ்வரின் டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் தன் துப்பட்டாவை எடுத்து ஓர் ஆணின் காலடியில் போட்டுவிட்டால், கேட்டதை அவன் கொடுத்தே ஆக வேண்டும். கொலைப் பகைகூட அப்படித் தீர்ந்திருக்கிறது. தீர்ப்புச் சொன்ன கர்னலும் பஞ்சாபிதானே, கிராமத்தில் பிறந்தவன்தானே என்று நம்பினோம். எங்கள் ஆட்களைத் தவிர யாரும் இப்படி ஏமாற மாட்டார்கள். என் மனைவியின் துப்பட்டாவை வாங்கிக்கொண்டு தில்ஷாத் கிளம்பினாள். நானும் போனேன்.

பூட்ஸ் மேல் விழுந்த துணியைக் கர்னல் குனிந்து தானே எடுத்தான்.

“தலையில போட்டுக்கம்மா. தங்கச்சி தலை தொறந்து கெடந்தா அண்ணனுக்குத்தானே அவமானம்? வெள்ளிக்கிழமை டிவியில இதே முக்காட்டோட உக்காந்து, தப்பாப் பேசிட்டேன், முக்காடுதான் பொண்ணுக்கு அழகுன்னு நாலு வார்த்தை சொல்லிடு. உன் தம்பி முதுகுல ஒரு அடி விழாது. இது பஞ்சாபி வாக்கு.”

வெளியே வந்ததும் என்னைப் பார்த்து எரிந்து விழுந்தாள். “ஏன் மூஞ்சியைத் தொங்கப் போடுற? நாக்கு என்னோடது, முதுகு அவனோடது.”

வெள்ளிக்கிழமை சொன்னாள். தடுமாறாமல் சொன்னாள். அவ்வளவு மோசமாக அவள் நடித்து நான் பார்த்ததில்லை.

கர்னல் வாக்குத் தவறவில்லை, பாவி. முனவ்வரை மைதானத்துக்குக் கொண்டுவந்து கசையடி மரச்சட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். “இவனுடைய அக்கா திருந்தி நல்வழிக்கு வந்துவிட்டதால் இவன் மன்னிக்கப்படுகிறான்” என்று ஒலிபெருக்கியில் படித்தார்கள். பிறகு ஆசிமைக் கட்டினார்கள். அவன் கதறுவது கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று வாய்க்கு நேராக மைக் வைத்திருந்தார்கள். முனவ்வர் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் தில்ஷாத் அவன் சட்டையைத் தூக்கி முதுகைத் தடவிப் பார்த்தாள்.

“நல்லாத் தடவிப் பாத்துக்கோ பாஜி. ஆசிமோட முதுகுல தடவத் தோலே இல்லை. உன்னை யாரு போகச் சொன்னா? செத்திருந்தாலும் நிமிந்து செத்திருப்பேன்.”

அவனை அறையக் கை ஓங்கினேன். அவள் தடுத்துவிட்டாள்.

“வெறுத்துக்கோடா. நல்லா வெறு. அதுக்கும் உசுரோட இருக்கணுமில்ல, இரு.”

அவன் அன்றே ஆசிம் வீட்டுக்குப் போய்விட்டான். நடக்க முடியாமல் கிடந்தவனுக்குக் கையும் காலுமாக அங்கேயே தங்கினான். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தில்ஷாத் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். முனவ்வர் எங்களைக் கண்டதும் பின்வாசல் வழியாக வெளியேறினான். ஆசிமின் அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அவள் காலில் விழுவதுபோல் தில்ஷாத் குனிந்தாள்.

“என் தம்பிக்கு மட்டும் கேட்டேன். உன் புள்ளைக்கும் சேத்துக் கேக்கணும்னு தோணாமப் போச்சே.”

“விடு பாஜி. உனக்கு முன்னாலயே நான் போயிருந்தேன். நானும் துப்பட்டாவைக் கர்னல் காலடியிலதான் போட்டேன். ஆனா நான் டிவியில வர்றவ இல்லையே. அவன் தாண்டிக்கிட்டுப் போயிட்டான்.”

தில்ஷாத் குடிக்காத டீயைக் கீழே வைத்தாள். உள்ளே ஆசிம் முனகினான். அந்தம்மா அவனைப் புரட்டிப் படுக்க வைக்க எழுந்து போனாள்.